அண்ணாச்சியைக் கூப்பிடு

அந்த மருத்துவக் கல்லூரியில் மூன்றாவது குத்திலும் நரம்பு கிடைக்கவில்லை என்றால், யாராவது ஒருவர் "அண்ணாச்சியைக் கூப்பிடு" என்பார். சர்க்கரை நோயில் வீங்கிப்போன கை, வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தை, மருந்து ஏற்றி ஏற்றிக் கயிறாகிப்போன நரம்பு, எதுவானாலும் சரி. அண்ணாச்சி வருவான். கண்ணை எங்கேயோ ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு விரலால் மட்டும் தேடுவான். ஒரே குத்து. குழாய்க்குள் ரத்தம் எட்டிப் பார்க்கும். சுற்றி நிற்பவர்கள் அப்போதுதான் மூச்சு விடுவார்கள்.

அண்ணாச்சி என்றதும் வெள்ளை வேட்டியும் பலசரக்குக் கடையும் உங்கள் நினைவுக்கு வந்தால் அது உங்கள் தப்பில்லை. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது. அதனால்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். ஆளின் சொந்தப் பெயர் செல்வகணேஷ். வயது இருபத்து நான்கு. எடை ஐம்பத்திரண்டு கிலோ. எம்.பி.பி.எஸ். பரீட்சைகளை எல்லாம் முடித்துவிட்டு, கடைசி ஒரு வருஷம் வார்டு வார்டாக உழைத்தாக வேண்டிய ஹவுஸ் சர்ஜன். அப்பா பேச்சிமுத்து சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஓட்டலில் இருபத்தாறு வருஷமாகப் பரோட்டா மாஸ்டர். மகன் பிறந்ததும் படித்ததும் இதே ஊரில்தான். மலையாளம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் முதல் வருஷம் முதல் நாள், எழுந்து நின்று தன் பெயரையும் அப்பாவின் தொழிலையும் சொல்லி முடிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "ஓ, அண்ணாச்சி!" என்றது. வகுப்பே சிரித்தது. அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு உரியவேயில்லை.

இரண்டு வருஷம் அவன் வகுப்பில் இருந்தான், அவ்வளவுதான். யாரும் விரட்டவில்லை, யாரும் தேடவும் இல்லை. மெஸ்ஸில் மூலை மேஜையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிவைத்துப் போய்விடுவான்.

மூன்றாம் வருஷம் எல்லோருமாகப் பொன்முடிக்கு டூர் போனார்கள். திரும்பும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் விஜின் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தான். குடித்தது கொஞ்சநஞ்சமல்ல. விஜின் பாறசாலைக்காரன், மாணவர் சங்கச் செயலாளர், அந்த வகுப்பில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவன். சாயங்காலம் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தபோது அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. கேஷுவாலிட்டி ஐந்து நிமிஷ நடைதான். ஆனால் அங்கே போனால் பெயர் எழுத வேண்டும்; எழுதினால் விஷயம் வார்டன் வரைக்கும் போகும். ஆகவே அந்த ஹாஸ்டலில் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள், ரூமிலேயே ட்ரிப் போடுவது. அந்த வழக்கம் சீனியர்களிடமிருந்து பழைய புத்தகங்களோடு சேர்ந்து கைமாறி வந்தது. பாட்டில் வந்தது, ஊசி வந்தது, நரம்புதான் வரவில்லை. நாலு பேர் நாலு இடத்தில் குத்திவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, கதவோரம் நின்ற செல்வகணேஷ், "நான் பாக்கட்டா?" என்றான். குழந்தைகள் வார்டில் சிஸ்டர்களுக்குப் பின்னால் நின்று நின்று பழகிய கை. ஒரே குத்தில் கிடைத்தது. ஐ.டி. கார்டுக் கயிற்றால் பாட்டிலை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் காலை மெஸ்ஸில் விஜின் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, "அண்ணாச்சி, இவிட இரி" என்றான். அதே பெயர்தான், ஆனால் அன்றைக்குக் காதில் வேறு மாதிரி விழுந்தது. அதற்கப்புறம் எந்த ரூமில் எவன் தலை சுற்றிக் கிடந்தாலும் செல்வகணேஷ் தேவைப்பட்டான். தேவைப்படுவது எவ்வளவு ருசியான விஷயம் என்பது, இரண்டு வருஷம் யாருக்கும் தேவைப்படாமல் இருந்தவனுக்குத்தான் தெரியும். இதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இருப்பேன்.

அவனை அதற்கு முன்பே தேடியவன் ஒருவன் உண்டு, ரூம்மேட் சுமந்த். கரமனை அக்ரஹாரத்துப் பையன். அப்பா சேஷன் காலமாகிவிட்டார். அம்மா ஆஷாவுக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. முதல் வருஷம் உடற்கூறு பரீட்சையில் செல்வகணேஷ் தோற்றபோது, கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா கொடுத்தனுப்பிய தட்டையை நடுவில் வைத்து, ஒரு மாசம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அதுவும் தமிழில். ஒருவன் வீட்டுத் தமிழுக்கும் மற்றவன் வீட்டுத் தமிழுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனால் எலும்பும் நரம்பும் புரிந்துவிட்டன. "நீ இல்லன்னா நான் எங்க அப்பா பக்கத்துல நின்னு பரோட்டாதான் அடிச்சிருப்பேன்" என்று செல்வகணேஷ் சொல்வதுண்டு. "அதையும் நன்னாத்தான் அடிச்சிருப்பாய்" என்பான் சுமந்த்.

இறுதி வருஷம் கரமனைப் பாலத்தருகே பைக் சறுக்கி சுமந்த்துக்குக் கால் முறிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். வலிக்கு ஊசி போட்டார்கள். வலி மூன்று வாரத்தில் போயிற்று. ஊசி போகவில்லை. ஹவுஸ் சர்ஜன் ஆனதும் அதைத் தேடி வெளியே அலைய வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று, வார்டிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

வகுப்பில் நூற்றைம்பது பேர். விஷயம் தெரியாதவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். தெரிந்தவர்கள் என்ன சொன்னார்கள்? "அவனுக்கு ஸ்ட்ரெஸ்டா." "பாவம், அப்பா இல்லாத பையன்." "டோஸ் தெரிஞ்சவன்தானே, ஒண்ணும் ஆகாது." விஜின் மச்சான் முறை வைத்துச் சொன்னது இது: "அவன் மேனேஜ் செய்யும், அளியா." அதை நோய் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாள் முழுக்க ஊரார் நோய்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான்.

கேஷுவாலிட்டியில் ஒருநாள், செங்கோட்டைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குடியை நிறுத்தி மூன்று நாள் ஆகியிருந்தது. கை நடுங்க, சட்டையில் இல்லாத பூச்சியைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். விஜின் அவர் மனைவியைப் பிடித்த பிடியில் வார்டே திரும்பிப் பார்த்தது. "குடிச்சு நாசமாக்கிட்டு இங்க கொண்டு வந்து போட்டா போதுமா? வீட்டுல உள்ளவங்க என்ன செய்தீங்க? முன்னயே கொண்டு வரக்கூடாதா?" அந்தப் பெண், "மன்னிச்சுக்கோங்க சார், மன்னிச்சுக்கோங்க சார்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். விஜினின் கோபம் நடிப்பல்ல, நிஜமான கோபம். அரை மணி கழித்து டீ குடிக்கும்போது அதே விஜின், "சுமந்த் இன்னிக்கு எழுந்திரிக்கல. அவன் பேருக்கு நான் கையெழுத்துப் போட்டுட்டேன். உச்சிக்கு மேல அவன் வார்டையும் நீ பாத்துக்கோ" என்றான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. செல்வகணேஷுக்குத் தோன்றியது. தோன்றியது டீயோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

ஜனவரியில் ஒரு படிவம் வந்தது. அஜிதா என்ற மேற்படிப்பு மாணவி தன் ஆராய்ச்சிக்காகக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ரூம் ரூமாகக் கொடுத்தாள். பெயர் எழுத வேண்டாம், டிக் அடித்தால் போதும். 'உங்கள் சக மாணவர் போதைப் பழக்கத்தில் இருப்பது தெரிந்தால் என்ன செய்வீர்கள்?' கண்டுகொள்ள மாட்டேன்; நானே உதவுவேன்; ஆசிரியரிடமோ வீட்டாரிடமோ சொல்வேன்; தெரியாது. இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்டிலில் உட்கார்ந்து நிரப்பினார்கள். சுமந்த் முதலில் முடித்தான். அவன் டிக் அடித்திருந்தது மூன்றாவதற்கு, வீட்டாரிடம் சொல்வேன் என்பதற்கு. செல்வகணேஷ் எட்டிப் பார்ப்பதைக் கண்டு அவனே சிரித்தான்.

"சரியான ஆன்ஸர் அதுதானேடா?" என்றான்.

செல்வகணேஷ் இரண்டாவதற்கு டிக் அடித்தான். நானே உதவுவேன். அப்போது அது பொய் என்று அவனுக்குத் தெரியாது.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் சுமந்த் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். வேகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறவன். இரண்டு முன்கைகளிலும் நரம்பு என்று ஒன்று மிச்சமில்லை. தானே குத்திக் குத்தி, கறுப்பும் தழும்பும் கட்டியுமாகக் கிடந்தது.

"அண்ணாச்சி, ஒரு கான்யூலா போட்டுத் தாடா" என்றான். நரம்பில் செருகி மேலே பிளாஸ்டர் ஒட்டி வைக்கும் சின்னக் குழாய் அது. அது இருந்தால் ஒவ்வொரு தடவையும் குத்த வேண்டியதில்லை.

"போலே. வேற யார்ட்டயாவது கேளு."

"வேற யாருக்குக் கிடைக்கும்?"

"செத்தாலும் நான் போட மாட்டேன்."

சுமந்த் வாதாடவில்லை. சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "சரி, விடு" என்று வெளியே போய்விட்டான்.

ஐந்தாவது நாள் நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். தொடையிடுக்கில் நரம்பைத் தேடி அவனே குத்தியிருக்கிறான், அது பழுத்துவிட்டது. கேஷுவாலிட்டிக்குப் போகலாம் என்று செல்வகணேஷ் சொன்னான். விஜின் கதவைச் சாத்தினான். "இன்னும் ரெண்டரை மாசம். சர்ட்டிபிகேட் கையில வரட்டும், நானே இவனைச் சிகிச்சைக்குக் கொண்டு போறேன். இப்போ பேர் வெளிய வந்தா இவன் டாக்டரே ஆகமாட்டான், அறியுமா?" ரூமிலேயே கீறிச் சீழ் எடுத்தார்கள், ரூமிலேயே மருந்து ஏற்றினார்கள். நாலு நாள் அந்த ரூம் ஒரு வார்டாக இருந்தது. எல்லோரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள், கஞ்சி கொண்டுவந்தார்கள். அவ்வளவு அன்பு. சொல்லும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது, ஆனால் அது அன்புதான்.

காய்ச்சல் இறங்கிய பிறகு சுமந்த் எதுவும் கேட்கவில்லை. அதுதான் செல்வகணேஷைக் கொன்றது. அடுத்த தடவை இவன் எங்கே குத்துவான் என்று யோசித்து யோசித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவனே கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். வாரா வாரம் குறைக்க வேண்டும், சர்ட்டிபிகேட் வந்த மறுநாளே சிகிச்சைக்குப் போக வேண்டும், அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று கண்டிஷன் போட்டான். சுமந்த் மூன்றுக்கும் தலையாட்டினான். முப்பது போட்டிருந்தாலும் ஆட்டியிருப்பான். செல்வகணேஷ் கையுறை மாட்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, இடது முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், யார் கண்ணுக்கும் தெரியாத ஓர் இடத்தை விரலால் கண்டுபிடித்தான். ஒரே குத்து.

"வலிக்கவே இல்லடா. உன் கை தனி" என்றான் சுமந்த்.

அந்த நிமிஷம் செல்வகணேஷுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக அவன் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயை மாற்றினான். மெடிசின் வார்டில் ஜெபமலர் சிஸ்டரிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்வான். குழித்துறைக்காரம்மா, இருபது வருஷ சர்வீஸ். ஆறாவது தடவை கேட்டபோது அந்த அம்மாள் பெட்டியைத் திறக்கவில்லை.

"டாக்டரே, உங்க ரூம்காரருக்குத்தானே?" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணு நினைச்சேளா? நான் போய்ச் சொன்னா, சிஸ்டருக்கு ஏதோ பகைண்ணு என்னைத்தான் வேற வார்டுக்கு மாத்துவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. சார்ட்ட போய்ச் சொல்லுங்க மக்களே. உயிரோட இருக்கும்போ சொல்லணும். பெறவு எல்லாரும்தான் சொல்லுவாங்க."

அன்றைக்கே போனான். யூனிட் சீஃப் அறையில் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவன் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். "எந்தா அண்ணாச்சி?" என்று அவர் நிமிர்ந்தார். வாய்க்குள் முழு வாக்கியமும் தயாராக இருந்தது. சீனியர் வகுப்பில் ஒருவன் இப்படித்தான் வார்டனிடம் சொல்லி, காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வாங்கி, கல்லூரி முடிகிறவரை மூலை மேஜையில் தனியாகச் சாப்பிட்டான். அந்த மேஜையைச் செல்வகணேஷுக்கு நன்றாகத் தெரியும். கையில் இருந்த நோட்டை நீட்டினான். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நின்றெ கை கொள்ளாம், கேட்டோ. மயக்க மருந்து படிப்பு எடு" என்று மெச்சிச் சிரித்தார். வெளியே வந்து, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஓட்டலுக்குப் போனான். மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம். பேச்சிமுத்து மாவைப் பிசைந்து உருட்டி எண்ணெய் தடவி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, ஒங்க கூட வேல பாக்கறவன் குடிச்சுட்டு வந்தா என்ன செய்விய?"

"அந்த நிமிசமே மொதலாளிட்ட சொல்லிருவோம்" என்றார் பேச்சிமுத்து, கையை நிறுத்தாமல்.

"வேல போயிருமே."

"போவட்டும்லே. சொல்லலன்னா அவன் கொதிக்க எண்ணெயில கைய விட்டுருவாம்லா. வேல வேற கடையில கெடைக்கும். கை கெடைக்குமா?" பிறகு மகனை நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு கேக்க?"

"சும்மாத்தான்."

"மெலிஞ்சு போயிருக்க. ரெண்டு தின்னுட்டுப் போ."

தின்றான். எழுந்து வரும்போது போன் அடித்தது. சுமந்த்தின் அம்மா ஆஷா. "செல்வா, அவன் போனே எடுக்க மாட்டேங்கறான். ஆத்துக்கு வந்து மூணு வாரமாச்சு, இத்தனை கிட்டத்துல இருந்துண்டு. நன்னா சாப்படறானா?" என்றாள். "சாப்பிடுறாம்மா. ட்யூட்டி ஜாஸ்தி" என்றான். "நீ கூட இருக்காய்னுதான் எனக்கு ஒரு சமாதானம், கேட்டயா" என்று அவள் வைத்துவிட்டாள். அவன் பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டு பஸ்ஸை விட்டான்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சர்ட்டிபிகேட்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். குழாய் மாற்றுகிற நாள் என்பதால் காலை பத்தரைக்கு வார்டிலிருந்து ரூமுக்கு வந்தான். சுமந்த் கட்டிலில் பாதியும் வெளியே பாதியுமாகக் கிடந்தான். உதடு நீலம். மூச்சு எப்போதோ ஒன்று வந்தது. செல்வகணேஷ் கத்திய கத்தலில் விஜின் ஓடிவந்தான், பின்னாலேயே நாலைந்து பேர். விஜினின் அலமாரியில் போதை ஊசிக்கு முறிவு மருந்து ஒரே ஒரு குப்பி இருந்தது. இப்படி ஒருநாள் வரும் என்று தெரிந்து முன்பே வாங்கி வைத்திருந்தான். மருத்துவம் படித்தவர்கள் இல்லையா, சகலத்துக்கும் தயாராக இருந்தார்கள். சுமந்த்தின் கையிலிருந்த குழாய் வழியாகவே மருந்து உள்ளே போனது.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சுமந்த் நீளமாக மூச்சை இழுத்தான். கண்ணைத் திறந்தான். "என்னடா எல்லாரும் கூடி நிக்கறேள்?" என்றான். பிறகு, "டேய், ஒரு சாயா. ரெண்டு பழம்பொரி" என்றான். யாரோ சிரித்தார்கள், உடனே எல்லோரும் சிரித்தார்கள். செல்வகணேஷ் தரையில் உட்கார்ந்து சிரித்தான், அழுதான்.

"கேஷுவாலிட்டிக்குக் கொண்டு போவோம்" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எழுந்து சாயா கேக்கிறவனை என்ன சொல்லிக் கொண்டு போக?" என்றான் விஜின்.

"முறிவு மருந்து ஒரு மணி நேரத்துல இறங்கிரும். இவன் போட்டது இறங்காது. திரும்பவும் மூச்சு நிக்கும்."

இது அந்த ரூமில் நின்ற எல்லோருக்கும் தெரியும். பரீட்சையில் எழுதியவர்கள். அந்தப் பாடத்தில் முதல் மார்க் வாங்கியவனே விஜின்தான். "எனக்குத் தெரியாதா? நான் இவன் பக்கத்துல இருக்கேன். பன்னிரண்டு நாள் அளியா, வெறும் பன்னிரண்டு நாள். இவன் அம்மையை நினைச்சுப் பாரு" என்றான்.

அப்போது குழந்தைகள் வார்டிலிருந்து போன் வந்தது. ஐந்து மாசக் குழந்தை, வலிப்பு, மூன்று பேர் பார்த்தும் நரம்பு கிடைக்கவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிடு. செல்வகணேஷ் சுமந்த்தைப் பார்த்தான். "போடா, குழந்தை. நான் எங்க போகப்போறேன்?" என்றான் சுமந்த், யாரோ ஓடிப்போய் வாங்கிவந்த பழம்பொரியைக் கடித்தபடி.

இருபது நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று போனான். குழந்தை பொன்முடி தேயிலை எஸ்டேட் லயத்திலிருந்து வந்தது. நெற்றிப்பொட்டருகே ஒரு நூலிழை நரம்பைப் பிடித்துக் கொடுத்தான். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் அந்தத் தாய் அவன் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கிளம்பும்போது குழந்தைகள் வார்டு சீஃப் உள்ளே வந்து, "வந்ததுதான் வந்தே, இந்த ரெண்டு குழந்தைக்கும் பார்த்திட்டுப் போ" என்றார். சார், எனக்குப் போக வேண்டும் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். சுவர்க் கடிகாரத்தை மூன்று தடவை பார்த்தான், அந்த நாலு வார்த்தையைச் சொல்லவில்லை.

இரண்டாவது குழந்தை முடிந்தபோது போனில் விஜினின் செய்தி இருந்தது. சர்ட்டிபிகேட் படிவத்தில் கையெழுத்து வாங்க ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்களாம், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவானாம். 'பயப்படாதே. சுகமா குறட்டை விட்டுத் தூங்குறான்.'

குறட்டை என்ற சொல்லைப் படித்ததும் செல்வகணேஷ் ஓடினான். வீட்டில் இருக்கிறவர்களுக்குக் குறட்டை என்றால் நல்ல தூக்கம். அவனுக்கு அது தொண்டை தளர்ந்து மூச்சு அடைகிற சத்தம். இரண்டு மாடி இறங்கி, ரோட்டைக் கடந்து, மூன்று மாடி ஏறி ரூம் கதவைத் தள்ளியபோது குறட்டை நின்றிருந்தது.

கழுத்தில் நாடி மெலிதாக இருந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினான். விஜினும் மற்றவர்களும் ஓடிவந்தார்கள். இப்போது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கு, தூக்கு என்றார்கள். அப்போதுதான் விஜின் அந்தக் கையைப் பார்த்தான்.

"கான்யூலாவை எடு" என்றான். "இதோட கொண்டு போனா யார் போட்டதுண்ணு கேப்பாங்க. நீ போச்சு, நாம எல்லாரும் போச்சு."

செல்வகணேஷ் மறுத்தான் என்று எழுத எனக்கு ஆசை. அவன் பிளாஸ்டரை உரித்து, குழாயை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி மடக்கினான். கற்றுக்கொடுத்தபடி, ரத்தம் வராமல், சுத்தமாக.

கேஷுவாலிட்டியில் முறிவு மருந்து நிறைய இருந்தது. ஏற்ற நரம்புதான் இல்லை. வலது கையில் குத்தினார்கள், இடது கையில், காலில், கழுத்தில். தசையில் போட்டார்கள், அது போதவில்லை. மார்பை ஒருவர் அமுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி எங்கே? அண்ணாச்சியைக் கூப்பிடு!" என்று யாரோ கத்தினார்கள். அவன் அங்கேதான், ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊசியை அவன் கையில் திணித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கை நடுங்கிற்று. அதே முழங்கைக்குக் கீழே, பஞ்சை எடுத்துவிட்டுத் தேடினான். விரலுக்கு ஒன்றும் தென்படவில்லை. கடைசியில் எலும்பில் துளையிட்டுத்தான் மருந்தை ஏற்றினார்கள். அதற்குள் ஆறு நிமிஷம் போயிருந்தது. அந்த ஆறு நிமிஷத்துக்கு முன்பு அவன் உருவிய குழாய், சட்டைப் பையில் பஞ்சில் சுற்றிக் கிடந்தது.

சுமந்த் சாகவில்லை. இதயம் திரும்பியது, எட்டாம் நாள் மூச்சும் தானாக வந்தது. கண்ணைத் திறக்கிறான். திறந்த கண் யாரையும் பார்ப்பதில்லை. கேஸ் ஷீட்டில், 'அறையில் நினைவின்றிக் காணப்பட்டார், காரணம் ஆராயப்படுகிறது' என்று இருக்கிறது. ஆராய்கிறவர்கள் யாரும் செல்வகணேஷிடம் எதுவும் கேட்கவில்லை. யூனிட் சீஃப் ஒருநாள் அவன் தோளைத் தட்டினார், அவ்வளவுதான். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் எழுதவில்லை. வகுப்பு வாட்ஸப்பில் பிரார்த்தனை செய்யச் சொல்லிப் படம் போட்டார்கள். விஜின் சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு பாறசாலைக்குப் போனான், போகும்முன் ஐ.சி.யூ. வாசலில் தலையைச் சுவரில் வைத்து அழுததை செல்வகணேஷ் பார்த்தான். மெஸ்ஸில் செல்வகணேஷின் நாற்காலி அவனுக்காக அப்படியே இருக்கிறது. சர்ட்டிபிகேட் அவனுக்கும் வந்துவிட்டது. ஊரை விட்டுப் போகவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

சுமந்த்துக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயை மாற்ற வேண்டும். அங்கே யாருக்கும் அந்தக் கைகளில் நரம்பு கிடைப்பதில்லை. சிஸ்டர்கள் இரண்டு தடவை முயன்றுவிட்டு, அண்ணாச்சியைக் கூப்பிடுகிறார்கள். அவன் வருகிறான். கை இப்போது நடுங்குவதில்லை.

நேற்றும் கூப்பிட்டார்கள். ஆஷா கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மகனின் இடது கையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வா செல்வா. நீ போட்டாத்தான் இவன் மூஞ்சி சுளிக்க மாட்டேங்கறான்" என்றாள். துணியை நனைத்துப் பிழிந்துகொண்டே, "எத்தனை குத்துடா, பார்க்கவே முடியலை. கேஷுவாலிட்டியிலே அவசரத்துல குத்தியிருப்பா, என்ன பண்றது" என்றாள். பிறகு முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், விரலை வைத்தாள். "ஆனா இந்த ஒண்ணு பார். வீங்கலை, கன்னிப்போகலை. யாரோ நன்னாத் தெரிஞ்சவா, நோகாமப் போட்டிருக்கா. அவா யாருன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லணும்னு இருக்கு, கேட்டயா. என் பிள்ளையை அந்த ஒருத்தராக்கும் மனுஷனா நினைச்சுத் தொட்டிருக்கா."

"அம்மா" என்றான் செல்வகணேஷ்.

"என்னடா?"

ட்ரேயில் கையுறையும் ஸ்பிரிட்டும் தயாராக இருந்தன. ஆஷா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய கொஞ்சம் அசையாம பிடிச்சுக்கிடுங்கம்மா" என்றான்.

அவள் பிடித்துக்கொண்டாள். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது.